இடுப்பு மூட்டின் கதை: சித்தன்னவாசல் சிலையிலிருந்து செயற்கை மூட்டு வரை

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் சாலையில் சுமார் 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. இங்கே வருபவர்கள் பெரும்பாலும் அறிவர் கோயிலின் கூரையில் உள்ள தாமரைக் குள ஓவியத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சுவரில் இருக்கும் சிலைகளைப் பலர் கவனிப்பதில்லை. முன் மண்டபத்தில் ஒரு பக்கம் பார்சுவநாதர், எதிர்ப் பக்கம் ஒரு சமண ஆச்சாரியர். கருவறையின் பின்சுவரில் இன்னும் மூவர். எல்லோரும் சம்மணமிட்டு, மடியில் கை வைத்து அமர்ந்திருக்கிறார்கள்.

குன்றின் கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டம் என்ற குகை உள்ளது. அதில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒரு படுக்கையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கி.மு. முதலாம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கட்டில், நாற்காலி எதுவும் இல்லாத வாழ்க்கை அது. கல்லிலே உட்கார்ந்து, கல்லிலே படுத்து எழுந்திருக்கிறார்கள்.

துறவிகள் போய்விட்டார்கள், ஆனால் தரையில் உட்காரும் பழக்கம் போகவில்லை. பந்தியில் சாப்பிடுவது, பாயில் படுப்பது, குத்துக்காலிட்டுக் கடலை பறிப்பது, குனிந்து நாற்று நடுவது, வாசலில் உட்கார்ந்து கோலம் போடுவது என்று இந்த ஊர்களின் வாழ்க்கை பெரும்பாலும் தரையோடு ஒட்டியே இருக்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை ஒரே ஒரு மூட்டு. அதுதான் இடுப்பு மூட்டு.

இந்த மூட்டு கெட்டுப்போனால் இன்று செயற்கை மூட்டு வைக்கிறார்கள். அந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, மூட்டைச் சுற்றியுள்ள நார்களை மருத்துவர்கள் முதலில் இடைஞ்சலாகப் பார்த்து, பிறகு மெதுவாக வழிகாட்டியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு, "ஒரு கால் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு நாற்காலியில் உட்காருபவர் சொன்ன பதிலும் தரையில் உட்காருபவர் சொன்ன பதிலும் ஒன்றாக இல்லை.

உரலும் உலக்கையும்

இடுப்பு மூட்டு ஒரு பந்துகிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டையாக இருக்கும். இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் இருக்கும். பந்து கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது.

இதை நம் நாட்டு மருத்துவர்கள் மிகப் பழைய காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை மூட்டுகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒரு வகைக்குப் பெயர் உலூகலம். உலூகலம் என்றால் உரல். தோள்மூட்டு, தொடைமூட்டு, பற்கள் ஆகிய மூன்றையும் அந்த நூல் இந்த வகையில் சேர்க்கிறது. குழியில் நிற்கும் உலக்கையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்புமை உடனே புரியும்.

ஆனால் உரலுக்கும் இடுப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உலக்கையைத் தூக்கினால் உரலைவிட்டு வெளியே வந்துவிடும். தொடை எலும்பு அப்படி எளிதில் வெளியே வராது. அதைப் பிடித்து வைத்திருப்பவை லிகமெண்ட் எனப்படும் பிணைப்பு நார்கள். (தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது லிகமெண்ட். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

இடுப்பு மூட்டில் முக்கியமான நார்கள் ஐந்து.

1. இலியோஃபெமோரல் நார்: மூட்டின் முன்பக்கம் இருப்பது. தலைகீழாக வைத்த ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல இரண்டாகப் பிரியும். உடம்பிலேயே மிகவும் வலுவான லிகமெண்ட் இதுதான் என்று உடற்கூறு நூல்கள் சொல்கின்றன.
2. பியூபோஃபெமோரல் நார்: முன்பக்கம் கீழே இருப்பது. கால் அளவுக்கு மீறி அகலாமல் தடுக்கும்.
3. இஸ்கியோஃபெமோரல் நார்: பின்பக்கம் இருப்பது. தொடை உள்பக்கமாக அதிகம் திரும்பாமல் தடுக்கும்.
4. லிகமெண்டம் டெரஸ்: மூட்டுக்கு உள்ளேயே, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கும் சிறிய நார்.
5. குறுக்கு நார்: கிண்ணத்தின் அடிவிளிம்பில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைப் பாலம் போல மூடுவது இது. இந்தக் கட்டுரையின் கடைசியில் இதற்கு முக்கியமான வேலை இருக்கிறது.

முதல் மூன்று நார்களும் தொடை எலும்பின் கழுத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகின்றன. நாம் நிமிர்ந்து நிற்கும்போது, ஈரத்துணியைப் பிழிவது போல இவை முறுகி இறுகுகின்றன. காலை மடக்கி உட்காரும்போது முறுக்கு விட்டுத் தளர்கின்றன.

சமணச் சிற்பங்களில் இரண்டு நிலைகள்தான் பெரும்பாலும் காணப்படும். ஒன்று அமர்ந்த தியான நிலை. மற்றொன்று கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கும் நிலை. இதைக் காயோத்சர்க்கம் என்பார்கள். கழுகுமலையில் பாகுபலி இப்படி நிற்பதைப் பார்க்கலாம். நிற்கும் நிலையில் உடலின் எடை இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. உடம்பு பின்னால் சாயாமல் முன்பக்கத்து 'ஒய்' நார் இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் தசைகளுக்கு அதிக வேலை இல்லாமல் மனிதனால் நெடுநேரம் நிற்க முடிகிறது. அமர்ந்த நிலையில் அதே நார் முழுவதும் தளர்ந்து தொடையை விரிய விடுகிறது. அதாவது, ஒரே நார் ஒரு நிலையில் இறுகியும் மறு நிலையில் தளர்ந்தும் இரண்டு தவத்துக்கும் துணை நிற்கிறது.

இழுத்துப் பார்த்தவர்களும் மடக்கிப் பார்த்தவரும்

இடுப்பு மூட்டு விலகினால் அதை மீண்டும் உள்ளே தள்ளுவது மருத்துவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிய சவாலாக இருந்தது. கயிறு, கப்பி, பலகை எல்லாம் வைத்து ஆட்கள் சேர்ந்து காலை இழுப்பார்கள். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அது என்ன கொடுமையாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை மாற்றியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஹென்றி ஜேக்கப் பிகலோ. 1846-ல் ஈதர் மயக்க மருந்து கொடுத்து நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவ உலகுக்கு முதலில் அறிவித்தவரும் இவரே. இவர் 1869-ல் இடுப்பு விலகலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மூட்டு திரும்ப உள்ளே போகாமல் தடுப்பது பெரும்பாலும் தசைகள் அல்ல, முன்பக்கத்து 'ஒய்' நார்தான் என்பது அதன் மையக் கருத்து. நேராக நீட்டிய காலை இழுத்தால் அந்த நார் இன்னும் இறுகும். எனவே காலை முதலில் மடக்கு, நார் தளரும், பிறகு மெதுவாகச் சுழற்றினால் பந்து தானாக உள்ளே விழும் என்றார் பிகலோ.

பலர் சேர்ந்து இழுத்தும் நடக்காத வேலையை ஒருவர் மடக்கிச் செய்ய முடிந்தது. நாரோடு மல்லுக்கட்டாமல் அதன் குணத்தைத் தெரிந்து நடந்துகொண்டதுதான் காரணம். அந்த நாருக்குப் 'பிகலோவின் ஒய் லிகமெண்ட்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

கட்டுப் போட்டும் கூடாத எலும்பு

நம் ஊரில் கை முறிந்தால், கால் முறிந்தால் கட்டுப் போடுபவரிடம் போவது வழக்கம். ஆந்திராவின் புத்தூர் கட்டு தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றது. மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, கணுக்கால் போன்ற இடங்களில் சாதாரண முறிவாக இருந்து, கட்டு சரியாக அமைந்தால் எலும்பு கூடிவிடுகிறது. ஆனால் வயதான பாட்டி வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் மட்டும் எந்தக் கட்டும் பலிப்பதில்லை. ஏன்?

இதற்கான விடையின் ஒரு பகுதி 1742-லேயே கிடைத்துவிட்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய யோசியாஸ் வைட்பிரெக்ட் என்ற உடற்கூறு அறிஞர், மனித உடலின் லிகமெண்டுகளுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். தொடை எலும்பின் கழுத்தோடு ஒட்டி மேலே ஏறும் மெல்லிய மடிப்புகளை அவர் விவரித்தார். பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் முக்கியமானவை அந்த மடிப்புகளின் வழியாகத்தான் போகின்றன என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. லிகமெண்டம் டெரஸ் வழியாகவும் ஒரு சிறு குழாய் போகிறது, ஆனால் பெரியவர்களுக்கு அது போதாது.

கழுத்து முறிந்து விலகும்போது இந்தக் குழாய்கள் அறுந்துவிடுகின்றன. பந்து இரத்தம் இல்லாமல் மடியத் தொடங்குகிறது. மேலும் அந்த முறிவு மூட்டுறைக்கு உள்ளே, தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. வெளியே போடும் மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ அதை அசையாமல் பிடிக்காது. கட்டுப் போடுபவரின் கைத்திறமை குறைவு என்பதல்ல காரணம், மூட்டின் அமைப்பே அப்படி. அந்த நிலையில் பாட்டியைப் படுக்கையில் போட்டு வைப்பதுதான் ஒரு காலத்தில் நடந்தது. படுக்கைப் புண், சளி, நிமோனியா என்று ஒவ்வொன்றாக வரும். "விழுந்து இடுப்பு ஒடிஞ்சதுல படுத்தவங்கதான், எந்திரிக்கவே இல்ல" என்ற பேச்சு ஊர்களில் வந்தது இதனால்தான்.

தோலுக்கு மேலே சில கோடுகள்

ஆழத்தில் இருக்கும் மூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. எக்ஸ்ரேயை ரான்ட்ஜன் கண்டுபிடித்தது 1895-ல். அதற்கு முன்பே மருத்துவர்கள் தோலுக்கு மேலே தொட்டுப் பார்க்கக்கூடிய எலும்பு முனைகளை வைத்துக் கணக்குப் போடக் கற்றிருந்தார்கள்.

மூன்று முனைகளை யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். வேட்டியோ பாவாடையோ கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் இடுப்பெலும்பின் முனை ஒன்று. தொடையின் வெளிப்பக்கம் மேலே புடைத்திருக்கும் ட்ரோகாண்டர் இரண்டு. கட்டாந்தரையில் உட்கார்ந்தால் உறுத்துமே, அந்த உட்காரும் எலும்பு மூன்று.

பாரிஸ் நகரத்தின் அகுஸ்த் நெலாத்தோன் (1807–1873) முதல் முனையையும் மூன்றாவது முனையையும் ஒரு கோட்டால் இணைத்தார். இயல்பான மூட்டில் ட்ரோகாண்டரின் உச்சி அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கோட்டுக்கு மேலே ஏறிவிட்டால் மூட்டு விலகியிருக்கிறது அல்லது கழுத்து முறிந்திருக்கிறது என்று பொருள். லண்டனின் தாமஸ் பிரையன்ட் இதே நோக்கத்துக்கு ஒரு முக்கோணத்தைக் கொடுத்தார். ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் 1895-ல் ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்க்கும் சோதனையைச் சொன்னார். மறுபக்க இடுப்பு தாழ்ந்தால் நிற்கும் காலின் இடுப்புத் தசையோ மூட்டோ பலவீனமாக இருக்கிறது என்று அறியலாம்.

ஒரு அங்குல நாடாவும் விரல் நுனியும் போதும் என்பதால் இந்தச் சோதனைகள் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன.

தந்தம், எஃகு, பிளாஸ்டிக்

கெட்டுப்போன மூட்டுக்குப் பதில் வேறொன்றை வைக்கலாம் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. பெர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளுக் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யானைத் தந்தத்தால் செய்த மூட்டுகளைப் பொருத்தினார். அவரிடம் வந்தவர்களில் பலர் காசநோயால் மூட்டு அரித்துப்போனவர்கள். கிருமித்தொற்று அந்த முயற்சியைத் தோற்கடித்தது. 1923-ல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணம் வைத்தார், அது உடைந்தது. 1938-ல் லண்டனில் பிலிப் வைல்ஸ் எஃகினால் பந்து, கிண்ணம் இரண்டும் வைத்தார். 1946-ல் பிரான்சில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்து வைத்தார்கள், அது தேய்ந்தது.

தந்தம் நம் பக்கத்து நாடு ஒன்றில் வெற்றி பெற்றது என்பது பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதி மக்களுக்குப் பர்மா தெரியாத ஊர் அல்ல. அந்தப் பர்மாவின் மாண்டலே நகரில் டாக்டர் சான் பா 1960-ல் 83 வயதான ஒரு பௌத்தப் பிக்குணிக்குத் தந்தத்தால் செய்த இடுப்புப் பந்தைப் பொருத்தினார். முறிந்து கூடாமல் போன கழுத்து எலும்புக்குத்தான் இந்தச் சிகிச்சை. பின்னர் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு இதைச் செய்தார். தன் நோயாளிகள் நடக்கிறார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, குந்தி உட்காருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தரையில் வாழும் மக்களின் மருத்துவர் அல்லவா, அவருக்கு வெற்றியின் அளவுகோல் அதுவாகத்தான் இருந்தது.

இன்றைய செயற்கை மூட்டின் தந்தை என்று போற்றப்படுபவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி (1911–1982). ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றியவர். சிறிய உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு ஒட்ட அக்ரிலிக் சிமென்ட் என்பது அவருடைய முறை. பந்தின் விட்டம் 22 மி.மீ.தான். முதலில் அவர் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள எலும்பையும் சதையையும் கெடுத்தன. ஏறக்குறைய 300 பேருக்குச் செய்த வேலை வீணாயிற்று. சார்ன்லி தளர்ந்துவிடவில்லை. டெஃப்லானையும் புதிதாக வந்த பாலிஎத்திலீனையும் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் வைத்த முதல் அறுவை நடந்தது. அதன் வழிவந்த மூட்டுகள்தான் இன்று உலகமெங்கும் பொருத்தப்படுகின்றன.

இந்தியாவுக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் மும்பையின் டாக்டர் கே.டி. தோலக்கியா குறிப்பிடத்தக்கவர். தமிழ்நாட்டில் மூட்டு மாற்றுச் சிகிச்சையை வளர்த்தவர்களில் ஒருவர் 1999-ல் சென்னையில் மியாட் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் பி.வி.ஏ. மோகன்தாஸ்.

தரையில் உட்கார முடியுமா?

மேல்நாட்டில் காசநோய் பிடித்த இடுப்பு மூட்டை அசையாதபடி இறுக்கி ஒட்டவைப்பது நெடுங்காலம் நல்ல சிகிச்சையாகக் கருதப்பட்டது. வலி போய்விடும், கால் உறுதியாக நிற்கும், நாற்காலியில் எப்படியோ சமாளித்து உட்காரலாம். ஆனால் அதே சிகிச்சை ஒரு இந்திய விவசாயிக்கு நடந்தால்? பந்தியில் உட்கார முடியாது. வயலில் குந்த முடியாது. கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது.

இதனால் இந்திய மருத்துவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக்ஸ்போர்டின் கர்டில்ஸ்டோன் என்பவரின் பெயரால் வழங்கும் ஓர் அறுவை உண்டு. கெட்ட பந்தையும் கழுத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டுவிடுவதுதான் அது. கால் சில செ.மீ. குட்டையாகும், நடை நொண்டும், ஆனால் மூட்டு மடங்கும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம். துலி இந்தச் சிகிச்சை பெற்ற நோயாளிகளைப் பற்றி 1981-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதினார். அவர்களால் தரையில் உட்காரவும் குந்தவும் முடிந்தது என்பதை அவர் முக்கியமான பலனாகக் கருதினார். நேராக நிற்கும் உறுதியான காலைவிட, குட்டையானாலும் மடங்கும் காலே மேல் என்பது இங்குள்ள நோயாளிகளின் தீர்ப்பு.

செயற்கை மூட்டு வந்தபோது இந்தப் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. சிறிய பந்து, அறுக்கப்பட்ட நார்கள், அதிகமாக மடங்கும் தொடை மூன்றும் சேர்ந்தால் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வெட்டிய நாரைத் தைத்த கதை

மூட்டுக்குள் போக மருத்துவர்கள் பல வழிகள் வைத்திருக்கிறார்கள். ஸ்மித்-பீட்டர்சன் 1917-ல் முன்வழியை விவரித்தார். ஹார்டிஞ்ச் 1982-ல் பக்கவழியைச் சொன்னார். சார்ன்லி ட்ரோகாண்டரையே அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டினார். உலகில் அதிகம் பயன்படுவது பின்வழி. 1874-ல் லாங்கன்பெக்கில் தொடங்கி, கோக்கர், கிப்சன் வழியாக வந்து, 1957-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் மூர் அதைப் பரவலாக்கினார்.

பின்வழியில் ஓர் அடையாளம் மிக முக்கியம். அது பிரிஃபார்மிஸ் என்ற சிறிய தசை. காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாடிக் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தசையின் கீழ்விளிம்பில்தான் வெளியே வருகிறது. தசையைக் கண்டுபிடித்தால் நரம்பைக் காப்பாற்றலாம். தவறவிட்டால் பாதம் தொங்கிப்போகும் அபாயம் உண்டு.

பின்வழியின் குறை என்னவென்றால், பின்பக்கத்து மூட்டுறையையும் அதோடு சேர்ந்த இஸ்கியோஃபெமோரல் நாரையும் சிறிய தசைகளையும் வெட்டியாக வேண்டும். வெட்டியதை அப்படியே விட்டுவிடுவது முன்பு பலரின் வழக்கம். 1998-ல் பெல்லிச்சியும் அவருடன் சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வெட்டிய உறையையும் தசைகளையும் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைத்தபோது, ஒரு மருத்துவரின் நோயாளிகளில் மூட்டு விலகல் 4 சதவீதத்திலிருந்து பூஜ்யமாயிற்று. இன்னொருவரின் நோயாளிகளில் 6.2 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய உலோகமோ புதிய கருவியோ இல்லை. இருந்த நாரை மதித்துத் தைத்ததுதான் செய்த மாற்றம்.

கிண்ணத்தை எப்படிச் சாய்ப்பது?

செயற்கைக் கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1978-ல் லூவினெக் குழுவினர் 300 இடுப்புகளை ஆராய்ந்து ஒரு 'பாதுகாப்பு எல்லை' சொன்னார்கள். பக்கவாட்டுச் சாய்வு 40 டிகிரி, முன்னோக்கிய திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் 10 டிகிரி கூடலாம் அல்லது குறையலாம். எல்லைக்குள் இருந்தால் விலகல் 1.5 சதவீதம், வெளியே போனால் 6.1 சதவீதம் என்றது அவர்கள் கணக்கு. பல ஆண்டுகள் எல்லோரும் இதையே பின்பற்றினார்கள்.

ஆனால் 2016-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு ஒரு அதிர்ச்சியைத் தந்தது. விலகிய மூட்டுகளில் 58 சதவீதம் அந்தப் பாதுகாப்பு எல்லைக்குள்தான் இருந்தன! எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்கிறது. ஒருவருக்கு அதிகம் சுழலும், முதுகு இறுகிப்போனவருக்குச் சுழலாது. நிற்கும்போது சரியாக இருக்கும் கோணம் உட்காரும்போது சரியாக இல்லாமல் போகலாம்.

அப்படியென்றால் ஆளுக்கு ஆள் மாறும் வழிகாட்டி எது? வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர மருத்துவர்கள் 2006-லேயே ஒரு பதில் சொல்லியிருந்தார்கள். ஆர்ச்போல்ட், பெவர்லாண்ட் முதலியோர் கிண்ணத்தின் அடியில் பாலம் போல இருக்கும் குறுக்கு நாரை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். அந்த நாருக்கு இணையாக, அதன் அணைப்புக்குள் கிண்ணத்தை வைத்தால், அந்த நோயாளிக்கு இயற்கை கொடுத்த திருப்பமே செயற்கைக் கிண்ணத்துக்கும் கிடைக்கும். 1000 பேருக்கு இப்படிச் செய்ததில் விலகல் 0.6 சதவீதம்தான். இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. மூட்டு மிகவும் தேய்ந்தவர்களுக்கு எலும்பு வளர்ந்து நாரை மறைத்துவிடும். பிறவியிலேயே கிண்ணம் சரியாக அமையாதவர்களுக்கு அந்த நாரை நம்ப முடியாது.

கால்மேல் காலும் சம்மணமும்

அறுவைக்குப் பிறகு நோயாளிக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று "கால்களைக் குறுக்கே போடக் கூடாது" என்பது. இது நாற்காலி நாட்டில் பிறந்த அறிவுரை. அங்கே அதன் பொருள் கால்மேல் கால் போட்டு உட்காருவது. அப்போது தொடை மடங்கி, உள்பக்கம் சாய்ந்து, உள்பக்கமாகத் திரும்புகிறது. பின்வழியில் செய்த மூட்டு பின்னால் விலக இதுதான் ஏற்ற நிலை.

சம்மணத்தில் நடப்பது வேறு. தொடை மடங்கினாலும் வெளிப்பக்கம் விரிந்து, வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. அதற்காகச் சம்மணம் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தரைக்கு இறங்குவதிலும் எழுவதிலும் தொடை மிக அதிகமாக மடங்குகிறது, உலோகக் கழுத்து கிண்ண விளிம்பில் இடிக்கலாம். தைத்த நார்கள் ஆறும் வரை முதல் சில வாரங்களுக்குத் தாழ்ந்த இருக்கையும் தரையும் வேண்டாம் என்பதே பொதுவான விதி. அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்பது எந்த வழியில் அறுவை நடந்தது, பந்து எவ்வளவு பெரியது, கிண்ணம் எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தது. 1970-களில் பிரான்சில் பூஸ்கே உருவாக்கிய இரட்டை அசைவு மூட்டு, இப்போது வரும் பெரிய பந்துகள் ஆகியவை விலகும் அபாயத்தைக் குறைத்திருக்கின்றன. ஆகவே நோயாளி தன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "நான் நடப்பேனா?" என்பது மட்டுமல்ல. "நான் தரையில் உட்காருவேனா? எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறேன் தெரியுமா? என்ன வேலை செய்கிறேன் தெரியுமா?" என்பதையும் அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

முடிவாக

ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சைக்குப் பெரிய நகரங்களுக்குத்தான் போக வேண்டும், கையில் பெரிய தொகையும் வேண்டும். 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றும் சேர்ந்திருக்கிறது. 2017-ல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இடுப்பு ஒடிந்த பாட்டியைப் படுக்கையில் போட்டுவிட்டு விதியை நோக வேண்டிய காலம் போய்விட்டது. விழுந்தவரால் காலை ஊன்ற முடியாமல், கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், கட்டுப் போடும் இடத்தைத் தேடி நாட்களை வீணாக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் அவர் மீண்டும் எழுந்து நடப்பதற்கான முதல் படி.

மருத்துவர்கள் முந்நூறு ஆண்டுகளாக இந்த மூட்டைப் படித்து வந்திருக்கிறார்கள். வைட்பிரெக்ட் நார்களை விவரித்தார். பிகலோ அவற்றைத் தளர்த்தக் கற்றார். பின்வந்தவர்கள் வெட்டினார்கள், பிறகு தைக்கக் கற்றார்கள், கடைசியில் அவற்றிடமே வழி கேட்டார்கள். உலோகமும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு முன்னேறினாலும், அவை எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது இன்னும் ஒரு சிறிய நார்தான்.

அடுத்த முறை சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் கூரை ஓவியத்தைப் பார்த்த பிறகு சுவரில் இருக்கும் சிலைகளின் மடியையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கும் அந்த நிலைக்கு ஒரு நோயாளியைத் திரும்பக் கொண்டுவர எத்தனை பேர் எத்தனை நாடுகளில் உழைத்திருக்கிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரும்.